பூபதி மாமா சிரிக்கிறார்

ஜூன் 3, செவ்வாய்

இன்று மேனேஜர் கலியபெருமாள் என்னிடம் போட்டோ கேட்டார்.

"சார், நேரா பாக்குற மாதிரி தெளிவா ஒரு போட்டோ இருந்தா அனுப்புங்க. வெள்ளைச் சட்டைன்னா இன்னும் நல்லது."

எதற்கு என்று நான் கேட்கவில்லை. பதினெட்டு வருடமாகத் தொலைக்காட்சித் தொடர்களில் நடிக்கிறவன் அதைக் கேட்க மாட்டான். விளம்பரத்துக்கு என்றால் கொஞ்சம் பக்கவாட்டில் பார்க்கச் சொல்வார்கள். நேராகப் பார்க்கிற படத்துக்கு ஒரே உபயோகம்தான். சுவரில் மாட்டி, மாலை போட்டு, கீழே விளக்கு வைப்பார்கள்.

'குணவதி எங்கள் குலவிளக்கு' தொடரில் நான் குணவதியின் மாமனார், ராஜசேகரபூபதி. நானூற்றுப் பன்னிரண்டு எபிசோடுகளாக மருமகளுக்கு ஒரே புத்திமதி சொல்லிவருகிறேன்: "அவசரப்படாதம்மா, நிதானமா யோசி." இதுவரை அந்த வீட்டில் ஒருவரும் நிதானமாக யோசித்ததில்லை. யோசித்திருந்தால் இருபது எபிசோடில் கதை முடிந்திருக்கும் என்பது எனக்கும் தெரியும்.

ஒரே ஆறுதல், என் தம்பியாக நடிக்கும் தாமோதரனிடமும் போட்டோ கேட்டிருக்கிறார்கள். ஆக, இருவரில் ஒருவர். மத்தியானம் தாமோதரன் வடையைத் தொடவேயில்லை. நான் என்னுடையதையும் அவருடையதையும் சாப்பிட்டேன். பதற்றத்தை வெளியே காட்டிக்கொள்ளாதவன்தான் நடிகன்.

விளம்பரத்துக்குப் படம் கேட்டிருக்கிறார்கள் என்று வீட்டில் மனைவி பூரணியிடம் சொன்னேன். அவள், தோசை மாவு வாங்கினீர்களா என்று கேட்டாள். மறந்துவிட்டேன்.

ஜூன் 4, புதன்

மாவு வாங்கினேன். போட்டோ அனுப்பவில்லை.

ஜூன் 7, சனி

கேள்விப்பட்டது: தாமோதரன் தன் போட்டோவை அன்றைக்கே அனுப்பிவிட்டார். கூடவே, கதை எழுதுகிற இளம்வழுதிக்கு ஒரு கிலோ பால்கோவாவும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். நடிப்பால் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு மனிதர் பால்கோவாவால் நிற்கப் பார்க்கிறார். கலைக்கு வந்த கேடு.

பூரணியிடம் கொஞ்சம் கைமுறுக்கு சுற்றித் தரச் சொல்லியிருக்கிறேன். அது வேறு. வீட்டில் செய்தது.

ஜூன் 10, செவ்வாய்

படப்பிடிப்பு இல்லை. துணி காயப்போட்டேன். ரேஷன் கடையில் பருப்பு வரவில்லை.

பூரணி இரண்டு மாதமாக யோகா வகுப்புக்குப் போகிறாள். காலை எட்டரைக்குக் கிளம்பினால் மாலை ஆறுக்கு வருகிறாள். டிபன் பாத்திரமும் எடுத்துப்போகிறாள். விரிவாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது.

ஜூன் 13, வெள்ளி

முறுக்கை இளம்வழுதியிடம் கொடுத்தேன். பல் வலி, கடினமாக எதுவும் கடிக்க முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பால்கோவாவைக் கடிக்க வேண்டியதில்லை. தாமோதரன் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுத்தான் வாங்கியிருக்கிறார்.

வீட்டில் சொன்னபோது பூரணி, "பல் வலின்னா எங்க டாக்டர்கிட்ட வரச் சொல்லுங்க, நல்லா பாப்பார்" என்றாள். யோகா வகுப்பில் பல் டாக்டருக்கு என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. முறுக்கை நானே தின்றேன். நன்றாக இருந்தது.

ஜூன் 17, செவ்வாய்

மாடிப்படியிலிருந்து விழுந்தேன். இரண்டாவது மருமகள் மோகனா தள்ளிவிட்டாள். விழுந்தது டூப், கடைசி மூன்று படி மட்டும் நான் உருண்டேன். முட்டியில் சிராய்ப்பு.

முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் சாகவில்லை, கோமா. சந்தோஷத்தில் இளம்வழுதியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் சங்கடப்பட்டு, "மேலிடத்துல இன்னும் முடிவு பண்ணல சார். உங்களா, தாமோதரன் சாரான்னு. அதுவரைக்கும் உங்களைப் படுக்க வச்சிருக்கோம்" என்றார். மேலிடம் என்றால் சேனல்.

கோமா ஒன்றும் மட்டமான வேலை இல்லை. கால்ஷீட் உண்டு, வசனம் கிடையாது, வண்டி வீட்டுக்கு வந்து கூட்டிப்போகும்.

ஜூன் 20, வெள்ளி

கோமாவை லேசாக எண்ணக் கூடாது. சும்மா படுத்தால் தூங்குகிற மாதிரி இருக்கும். மூச்சு நெஞ்சில் தெரியக் கூடாது, வயிற்றில் தெரியலாம். இமைக்குள் விழி உருளக் கூடாது. வீட்டில் சோபாவில் படுத்துப் பயிற்சி செய்தேன். பூரணி வந்து பார்த்தாள். கேஸ் புத்தகத்தை என் நெஞ்சின் மேல் வைத்து, "பதினோரு மணிக்கு சிலிண்டர் வரும், எந்திரிச்சு வாங்கி வைங்க" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.

ஜூன் 23, திங்கள்

தொடர் எடுக்கிற வாடகை பங்களாவிலேயே மாடி அறையில் பச்சைத் திரை கட்டி ஐ.சி.யு. ஆக்கியிருக்கிறார்கள். மூக்கின் மேல் ஒரு ஈ உட்கார்ந்து, ஷாட் முடியும்வரை இருந்தது. நான் அசையவில்லை. டைரக்டர் எல்லார் முன்னாலும் சொன்னார்: "சார் படுத்தா அப்படியே பர்னிச்சர் மாதிரி இருக்கு."

இந்தப் பதினெட்டு வருடத்தில் ஒரு டைரக்டர் என் நடிப்பைப் பற்றி வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை.

ஜூன் 26, வியாழன்

காலையில் பூரணி டிபன் பாத்திரத்தை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை ஓடினேன். பஸ் போய்விட்டது. திரும்பி வந்து பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டுப் படப்பிடிப்புக்குப் போனேன். மத்தியானம் கம்பெனிச் சாப்பாட்டில் இரண்டு பொரியல், பாயசம்.

கோமாவில் கிடப்பவனிடம் வந்து ரகசியம் சொல்வது எங்கள் தொழிலில் ஒரு சாஸ்திரம். முழித்திருந்தபோது நானூறு எபிசோடாக என்னிடம் யாரும் ஒரு உண்மையும் சொன்னதில்லை. படுத்த பிறகு வரிசையில் வருகிறார்கள். தாமோதரன் என் காலைப் பிடித்து அழுதார். தேவைக்கு மேல் அழுத்திப் பிடித்தார்.

இன்று மோகனாவின் முறை. உயிலை மாற்றியது, என்னைத் தள்ளியது எல்லாவற்றையும் இரண்டு பக்க வசனத்தில் ஒப்புக்கொண்டாள். மோகனாவாக நடிக்கும் பிரதிபா நல்ல நடிகை. கடைசியில் என் முகத்துக்கு ஒரு க்ளோசப். அப்போது இடது கண்ணோரம் ஒரு துளி கசிந்து காதுப் பக்கம் இறங்கியது. கிளிசரின் இல்லை, யாரும் அழச் சொல்லவும் இல்லை. பாத்திரத்தோடு அப்படி ஒன்றிப்போயிருக்கிறேன். பங்களா உரிமையாளர் நேரமாகிறது என்று கத்திக்கொண்டிருந்ததால் மானிட்டரை ஒருவரும் கவனிக்கவில்லை. ஓகே சொல்லிவிட்டார்கள்.

ஜூன் 30, திங்கள்

ஒளிபரப்பாகிவிட்டது. ஊரே அந்தத் துளியைப் பற்றித்தான் பேசுகிறது.

காய்கறிக் கடையில் அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, அவ சொன்னதெல்லாம் உங்க காதுல விழுந்திருச்சுல்ல? சீக்கிரம் எந்திரிச்சு எல்லார்கிட்டயும் சொல்லிருங்க." ஒரு கட்டு கொத்தமல்லியைச் சும்மா கொடுத்தாள். ரேட்டிங் ஏறியிருப்பதாக மேனேஜர் சொன்னார். இனிமேல் என் மேல் கை வைக்க முடியாது. ஒரு துளியில் தாமோதரனின் ஒரு கிலோ பால்கோவா கரைந்துபோனது.

ஜூலை 2, புதன்

இளம்வழுதி போன் செய்தார். குரலில் கோபம் இல்லை, அசதிதான் இருந்தது.

"சார், கோமாவுல இருக்கறவரு எதுக்கு சார் அழுதீங்க?"

விளக்கமாகச் சொன்னார். அழுததால், பூபதி எல்லாவற்றையும் கேட்டுவிட்டார் என்று நாடே நம்புகிறது. கேட்டவர் எழுந்தால் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னால் மோகனா ஜெயிலுக்குப் போவாள். மோகனா ஜெயிலுக்குப் போனால் குணவதிக்குக் கஷ்டம் கொடுக்க யாரும் இல்லை, தொடரே முடிந்தது. மோகனாவை நம்பி இன்னும் அறுநூறு எபிசோட் வைத்திருக்கிறார்களாம்.

"தாமோதரன் சாருக்கு ஹார்ட் அட்டாக்னு போன வாரமே முடிவாயிருச்சு சார். மாலைகூட சொல்லியாச்சு. நீங்க பாட்டுக்கு கண்ணு முழிச்சு இன்னும் ரெண்டு வருஷம் இருந்திருப்பீங்க. இப்ப வேற வழியில்ல."

நல்லது என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகு கொஞ்ச நேரம் சோபாவில் படுத்திருந்தேன். பயிற்சி இல்லை.

ஜூலை 3, வியாழன்

மாலை அதேதான். கழுத்துதான் மாறிவிட்டது.

ஜூலை 8, செவ்வாய்

மேனேஜர் மறுபடியும் போட்டோ கேட்டார். யோசித்தேன். படம் இல்லாமல் சுவரில் எதை மாட்டுவார்கள்? மாட்டப் படம் இல்லாத வீட்டில் ஒருவன் எப்படிச் சாக முடியும்? ஆகவே கூலிங் கிளாஸ் போட்டு ஊட்டியில் எடுத்த படத்தை அனுப்பினேன். கண் தெரியவில்லை என்றார். ஒரு போலீஸ் வேஷத்துப் படம் அனுப்பினேன். தொப்பி இருக்கிறது என்றார். எங்கள் கல்யாணப் படத்தில் பூரணியைப் பாதி வெட்டி அனுப்பினேன். அதற்கு அவர் பதில் போடவில்லை.

இட்லிக்கு ஊறப்போட்டேன். உளுந்து கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

ஜூலை 11, வெள்ளி

இன்று வண்டி வரவில்லை. இரண்டு பஸ் மாறிப் போனேன். டிரைவர் என்னைப் பார்த்ததும் வண்டியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். துடைத்த இடத்தையே துடைத்தார். டீ எனக்கு வந்தபோது ஆடை கட்டியிருந்தது. சாகப்போகிறவனுக்கு இந்தத் தொழிலில் முதலில் டீதான் ஆறும்.

தாமோதரன் இப்போது என்னை அண்ணே என்கிறார். வீட்டில் மீதமிருந்த பால்கோவாவை ஒரு டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கக் கூடாது என்று நினைத்தேன். வாங்கித் தின்றேன். நல்ல பால்கோவா. அவருக்கும் கண் கலங்கியிருந்தது. அடுத்த தடவை தன் முறை என்பது அவருக்குத் தெரியும்.

ஜூலை 15, செவ்வாய்

நாளை சாகிறேன்.

மாலை பூரணி வந்ததும் இருவரும் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கினோம். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"கோமாவுல இருக்கறவர்கிட்ட சொல்ற மாதிரி சொல்றேன். குறுக்க பேசாம கேட்டுக்குங்க. நான் போறது யோகா கிளாஸ் இல்ல. வளசரவாக்கத்துல ஒரு பல் ஆஸ்பத்திரி. டோக்கன் குடுக்கறது, போன் எடுக்கறது. உங்க மனசு கஷ்டப்படும்னுதான் யோகான்னேன். ஆனா எனக்கு அந்த வேலை பிடிச்சிருக்கு."

தெரியும் என்றேன். தெரியுமென்று தெரியும் என்றாள். மறுபடியும் பீன்ஸ் நறுக்கினோம்.

இதையும் எழுதிவிடுகிறேன். ஜூன் 26 அன்று பிரதிபா பேசிய இரண்டு பக்கத்தில் ஒரு வரிகூட என் காதில் விழவில்லை. என் வயிற்றில் பாயசம் இருந்தது. பூரணியின் பருப்புசாதம் மேசையில் கிடந்தது. மத்தியானம் அவள் என்ன சாப்பிட்டாள் என்று எனக்குத் தெரியவில்லை. ஐம்பத்தேழு வயதில் பெண்டாட்டியை வேலைக்கு அனுப்பிவிட்டு அதை யோகா என்று நோட்டில் எழுதிவைக்கிறவன் நான். வந்த கண்ணீர் பூபதியுடையது இல்லை. வெட்கமாக இருந்தது, அதனால் வந்தது.

ஜூலை 16, புதன்

கிளம்பும்போது பூரணி வாசலில் நின்று சொன்னாள்: "செத்துட்டு நேரா வீட்டுக்கு வாங்க. வர்ற வழியில ஒரு கட்டு கொத்தமல்லி."

காலையில் மோகனா ஆக்சிஜன் முகமூடியைப் பிடுங்கினாள். இரண்டு நிமிடத்தில் போய்விட்டேன். பிறகு கூடத்தில் கிடத்தி மாலை போட்டார்கள். மத்தியானம் முழுக்க எல்லாரும் என் மேல் விழுந்து அழுதார்கள். நானூற்று முப்பத்தொன்பது எபிசோடில் அந்த வீட்டார் என்னைத் தொட்டது இன்றுதான் அதிகம்.

ஐந்தரைக்கு டைரக்டர் பேக்கப் சொன்னார். ஆறு மணிக்குள் கூடத்தைக் காலி செய்ய வேண்டும். பங்களா உரிமையாளரின் பேத்திக்குப் பிறந்தநாள். என்னைத் தவிர எல்லாரும் எழுந்தார்கள். நான் படுத்தபடியே, "சிரிக்கிற ஷாட்?" என்று கேட்டேன்.

சாவுக் காட்சியில் நடித்தவனை, முடிந்ததும் மாலையோடு எழுப்பி உட்காரவைத்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி ஒரு ஷாட் எடுப்பார்கள். அது எங்கும் ஒளிபரப்பாகாது. செத்தவன் சாகவில்லை என்று கேமராவுக்கும் தெரிந்தால்தான் தோஷம் கழியும் என்று ஒரு நம்பிக்கை.

மேனேஜர் வந்தார். அதெல்லாம் சினிமாவில்தான், நமக்கு நேரமில்லை என்றார். லென்ஸைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாகிவிட்டது.

"எடுக்காம நான் எந்திரிக்க மாட்டேன்" என்றேன்.

இந்தப் பதினெட்டு வருடத்தில் மாட்டேன் என்று நான் சொன்னது இதுதான் முதல் தடவை. அதையும் படுத்துக்கொண்டு சொன்னேன். கூடத்துக்குப் பலூனோடு வந்தவர்கள் மாலை போட்ட பிணம் வாதாடுவதைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார்கள். லைட் ஆட்கள்தான் எனக்காகப் பேசினார்கள். நாளைக்கு மேலேயிருந்து ஒரு லைட் விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். லென்ஸ் திரும்ப வந்தது.

எழுந்து உட்கார்ந்தேன். சிரிப்பு வரவில்லை. மூன்று முறை எடுத்தார்கள். "சார், இது அழுகை சார்" என்றார் டைரக்டர். நினைத்தால் அழுகிறவன் நான், சிரிக்க முடியவில்லை. நாளை காலை எட்டரைக்குப் பூரணி கிளம்பிப் போன பிறகு நான் என்ன செய்வேன் என்பதுதான் மனதில் ஓடியது. அப்புறம் அவள் வாசலில் சொன்னது ஞாபகம் வந்தது. செத்துட்டு நேரா வீட்டுக்கு வாங்க. ஒரு கட்டு கொத்தமல்லி.

சிரித்துவிட்டேன். ஓகே என்றார்கள்.

கொத்தமல்லியை மறந்துவிட்டேன். ரசம் அது இல்லாமலேதான் வைத்தோம்.

ஜூலை 22, செவ்வாய்

கடைசிவரை நான் போட்டோ கொடுக்காததால், சிரிக்கிற ஷாட்டிலிருந்தே ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கி மாட்டிவிட்டார்கள். ஏற்கனவே கழுத்தில் மாலை இருக்கிற படத்துக்கு இன்னொரு மாலை. மேனேஜருக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

உயிரோடு இருந்தபோது வாரத்துக்கு இரண்டு நாள் வந்தேன். இப்போது தினமும் வருகிறேன். குணவதி அழுதால் என்னிடம் வருகிறாள். மோகனா திட்டம் போட்டால் என்னைப் பார்த்துத் திடுக்கிடுகிறாள். நான் எல்லாம் தெரிந்து சிரிக்கிறேனாம். தெய்வச் சிரிப்பு என்று காய்கறிக் கடை அம்மா சொன்னாள். சம்பளம் கிடையாது, ஆனால் ஒரு நாள்கூட லீவும் இல்லை. தாமோதரன் காலையில் வந்ததும் படத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் மேக்கப் போடுகிறாராம்.

காலையில் பூரணிக்குச் சாம்பார்சாதம், அப்பளம் கட்டிக் கொடுத்தேன். மூடியை இறுக்கினேனா என்று இரண்டு முறை பார்த்தேன்.

ஆகஸ்ட் 13, புதன்

பூரணியின் ஆஸ்பத்திரியில், காத்திருக்கும் இடத்தில் டிவி உண்டு. நேற்று மறு ஒளிபரப்பில் என் படம் வந்தபோது, அது என் வீட்டுக்காரர் என்று அவள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். பல் பிடுங்க வந்த ஒரு வயதான அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "தைரியமா இரும்மா. இந்த வயசுல தனியா சம்பாதிச்சு நிக்கிற பாரு" என்று அழுதிருக்கிறாள். அவர் வீட்டில் சமைத்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்லப் பூரணிக்கு மனம் வரவில்லையாம். இரண்டு பேருக்குப் பின்னால் இருந்த டோக்கனை முன்னால் மாற்றிக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

ஆகஸ்ட் 20, புதன்

போன் வந்தது. வேறு கம்பெனி, புதுத் தொடர்.

"அப்பா கேரக்டர் சார். கதை ஆரம்பிக்கும்போதே செத்துட்டாரு. போட்டோ மட்டும்தான். ஆனா எங்களுக்கு அந்தச் சிரிப்பு வேணும்."

ஃப்ளாஷ்பேக் உண்டா என்று கேட்டேன். ஜனங்கள் கேட்டால் வைக்கலாம் என்றார். ஒப்புக்கொண்டேன். பூரணி, எங்கே சாகணும் என்று கேட்டாள். போரூரில் என்றேன். வெள்ளைச் சட்டைக்கு அவளே இஸ்திரி போட்டாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வண்டி அனுப்பவில்லை. பஸ்ஸில் போனேன்.

ஒன்பது முறை சிரித்தேன். ஒவ்வொரு முறையும் அது இல்லை சார் என்றார்கள். கொத்தமல்லியை நினைத்துப் பார்த்தேன். நினைத்து நினைத்து அது வாடிப்போயிருந்தது. வேறு ஆளைப் பார்க்கலாமா என்று அந்தக் கம்பெனி மேனேஜர் கேமராக்காரரிடம் மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது. படமாக இருப்பதற்கும் மாற்று ஆள் தயாராக இருக்கிறார்கள்.

ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டு, ஓரமாகப் போய்ப் பூரணிக்குப் போன் போட்டேன். வீட்டுக்கு ஏதாவது வாங்க வேண்டுமா என்று கேட்டேன்.

"டோக்கன் பதினேழு, உள்ள போங்க" என்றாள் யாரிடமோ. பிறகு என்னிடம், "என்ன, செத்தாச்சா?"

"இன்னும் இல்ல. சிரிப்பு வர மாட்டேங்குது."

கொஞ்சம் யோசித்தாள். "தொடப்பம் தேஞ்சு போச்சு. நல்லதா பாத்து ஒண்ணு வாங்கிட்டு வாங்க. குச்சித் தொடப்பம் வேண்டாம், பூந்தொடப்பம்."

போய் நின்றேன். முதல் ஷாட்டிலேயே ஓகே.

துடைப்பத்தை மறக்கவில்லை. பஸ்ஸில் வெள்ளைச் சட்டையோடு அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தேன்.